கீழ்வீட்டுக்காரியின் செம்பொடிப் பெட்டி

எங்கள் வீட்டில் அடி விழத் தொடங்கினால், கீழ்வீட்டுக் கிழவி வீடு கூட்டும் தும்புத்தடியின் பிடியால் தன் சீலிங்கைக் குத்துவாள். அவளுடைய சீலிங்தான் எங்களுடைய தரை. என் காலுக்குக் கீழே டக், டக், டக் என்று கேட்கும். மருமகன் கையை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்ப்பார். சில நாள் அதோடு முடிந்துவிடும். சில நாள் தரையைப் பார்த்து பிரெஞ்சில் எதையோ கத்திவிட்டு, டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

வால்தம்ஸ்டோவில் அது இரண்டு தட்டு வீடு. மேல்தட்டில் மகளும் மருமகனும் நானும். கீழ்த்தட்டில் அந்தக் கிழவியும் அவளுடைய மகளும். அவர்கள் கொங்கோ நாட்டுக்காரர். மருமகன் பாரிசில் பதினாறு வருடம் ரெஸ்டோரண்ட் குசினிகளில் நின்று, பிறகு லண்டனுக்கு வந்து, அப்டன் பார்க்கில் ஒருவரோடு கூட்டாகக் கடை போட்டவர். அதனால் எங்கள் மூவரில் கிழவியோடு கதைக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். எனக்கு ஆங்கிலமும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. மகளுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும்.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு. காலையில் டிவியைப் போட்டால் வன்னியில் சனம் சாகிறது. பதுங்குகுழி, ஷெல், மரத்தடியில் படுத்திருக்கும் காயக்காரர், மூடிக் கிடக்கும் உடம்புகள். மருமகனின் அண்ணையும் குடும்பமும் அதற்குள்ளே அகப்பட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் போன் இல்லை. மருமகன் கடையைப் பூட்டிவிட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்று கத்துவார். தொண்டை கட்டித் திரும்பி வருவார். அங்கே கத்தியும் ஆறாதது இங்கே கைக்கு வருகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்ட காலம் உண்டு. அது பொய். சண்டை இறுகுவதற்கு முந்தியே, நான் வந்திறங்கிய முதல் கிழமையே, மகளின் விரல்களை ஃபிரிட்ஜ் கதவுக்குள் வைத்து அவர் சாத்தியதைப் பார்த்தேன். பால் முடிந்ததை முதல்நாளே சொல்லவில்லை என்பதற்காக.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பதில்லை. சாப்பிட வரச் சொல்வதென்றாலும் மகளிடம்தான் சொல்வேன், அல்லது சுவரைப் பார்த்து, சாப்பாடு ஆறுது என்பேன். அதோடு என் பாஸ்போட் அவருடைய மேசை லாச்சிக்குள் இருந்தது. திருப்பி அனுப்பினால் எங்கே போவது? இவை இரண்டும் காரணம் என்று இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். நான் பயந்தவள் என்பதுதான் சரியான காரணம்.

கிழவியோடு எனக்குப் பழக்கம் வந்தது இந்தத் தட்டலால்தான். ஒருநாள் படியில் சந்தித்தபோது என் கையைப் பிடித்து, மேலே விரலைக் காட்டி, தன் கன்னத்தில் தானே அறைவதுபோலச் செய்து காட்டினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் என்னைத் தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். அதன்பிறகு மருமகன் கடைக்குப் போன நேரம் பார்த்து இறங்கிப் போவேன். அவள் தன் பாஷையில் கதைப்பாள், நான் என் பாஷையில் கதைப்பேன். எனக்கு அது வசதியாக இருந்தது. மகளைப் பற்றி ஒருவருக்கும் சொல்லாததை எல்லாம் அவளிடம் சொன்னேன். அவளுக்கு விளங்காது என்ற துணிவுதான்.

அவள் வீட்டில் ஜன்னலோரமாக ஒரு மரப்பெட்டி இருந்தது. நான் முதலில் பார்த்தபோது ஓலைப்பெட்டி என்றே நினைத்தேன். அடி சதுரம், வாய் வட்டம். எங்கள் பனையோலைப் பெட்டியும் அப்படித்தான் இருக்கும். சதுரமாகத் தொடங்கி, இழைக்க இழைக்க வட்டமாகிவிடும். கிட்டப் போய்த் தொட்டால் மரம். ஒரே கட்டையைக் குடைந்து, வெளிப்புறம் முழுக்க ஓலை ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வருவதுபோலச் செதுக்கியிருந்தார்கள். ஒரு பட்டி மற்றதுக்குக் கீழே போய், அடுத்ததுக்கு மேலே வந்து, எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று விரலால் தேடினாலும் பிடிபடாது. மூடியும் அப்படித்தான். தூக்கினால் அம்மிக்குழவி மாதிரிப் பாரம். கறுப்பும் சிவப்புமாக மினுங்கும்.

கிழவி மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே செக்கச்செவேல் என்று பொடி. நான் சிரித்துவிட்டேன். இவர்களும் குங்குமத்தைப் பெட்டியில்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பெட்டி எங்கள் பெட்டி மாதிரி இருந்தபடியால் உள்ளே இருப்பதும் எங்களுடையதாகத்தான் இருக்கும் என்று என் மனம் முடிவுகட்டிவிட்டது. வேறு எதையும் யோசிக்கவில்லை.

சித்திரை வருடப்பிறப்பு வந்தது. அந்த வருடம் ஒருவரும் கொண்டாடவில்லை. சாமிப்படத்துக்கு முன்னால் விளக்கை மட்டும் ஏற்றுவோம் என்றாள் மகள். குங்குமச் சிமிழ் காலியாக இருந்தது. கடையிலிருந்து ஒரு சின்னச் சரையில் குங்குமம் கொண்டுவரச் சொல்லி இரண்டு தரம் கேட்டிருந்தாள். சனம் சாகுது, உனக்குப் பொட்டுக் கேக்குதோ என்று பேச்சு விழுந்தது. ஆனால் விடிந்ததும் அவர் குளித்துவிட்டு வந்து திருநீறு பூசி, சந்தனம் வைத்து, குங்குமத்துக்குக் கை நீட்டுவார் என்பது எனக்குத் தெரியும். சிமிழ் வெறுமையாக இருந்தால் வருடம் எப்படிப் பிறக்கும் என்பதும் தெரியும்.

அதனால் முதல்நாள் பகல் சிமிழை எடுத்துக்கொண்டு கீழே போனேன். என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். பிறகு பெட்டியைக் காட்டினேன். கிழவி என்னை ஒரு மாதிரிப் பார்த்து ஏதோ கேட்டாள். நான் ஓம், ஓம் என்று தலையை ஆட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நெடுநேரம் கதைத்தாள். பிறகு சிமிழை நிரப்பித் தந்தாள். நல்ல மனுசி, ஒரு சிமிழ்ப் பொடிக்கு இவ்வளவு உருக்கமோ என்று நினைத்துக்கொண்டு படியேறினேன்.

பொடி கொஞ்சம் கருஞ்சிவப்பாக இருந்தது. மணமும் வேறு, மரத்தூள் மணம். நாள்பட்டால் குங்குமம் கறுக்கும்தானே. வருடப்பிறப்பன்று காலை மருமகன் சந்தனத்துக்கு மேலே அதை வைத்துக்கொண்டார். மகளும் வைத்தாள். அன்று அடி இல்லை. நான் சந்தோசப்பட்டேன்.

மே மாதம் எல்லாம் முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். அதற்குப் பிறகு சில நாள் கழித்து, முகாமிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். மருமகனின் அண்ணை செத்துப் பல நாள். பதுங்குகுழி வாசலில் ஷெல் விழுந்ததாம். தூக்கி எடுக்க நேரமில்லாமல், அந்தக் குழியையே மண் போட்டு மூடிவிட்டு ஓடினார்களாம். எப்போது என்று மருமகன் கேட்டார். வருடப்பிறப்பு முடிந்து இரண்டாம் நாள் என்றார் போனில் கதைத்தவர். மருமகன் போனைச் சுவரில் எறிந்தார். பிறகு தன் தலையைச் சுவரில் மோதினார். நெற்றி வெடித்து இரத்தம் மூக்கு வழியே ஓடியது. மகள் துடைக்கப் போனாள். அவளைத் தள்ளிய தள்ளில் அவள் கதவுப்பிடியில் விழுந்து முதுகு கண்டி நீலமாகிப்போனது.

மறுநாள் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். உடல் இல்லாத செத்தவீடு. படத்துக்கு மாலை போட்டு, முன்னால் விளக்கு வைத்திருந்தது. வெம்பிளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மகள் முதுகை நிமிர்த்த முடியாமல் எல்லோருக்கும் கோப்பி கொடுத்துக்கொண்டு நின்றாள்.

பகல் ஒரு மணியிருக்கும். கிழவியும் அவளுடைய மகளும் மேலே வந்தார்கள். கிழவியின் கையில் அந்தப் பெட்டி. மருமகன் எழுந்து மரியாதையாக நின்றார். கிழவி பெட்டியைத் திறந்து, பொடியில் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் குழைத்து, அவருடைய முழங்கைக்குக் கீழே பூசினாள். அவர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். அவள் ஆறுதலாக மறுமொழி சொன்னாள். சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பி, விரலால் என்னைக் காட்டி, அன்பாகத் தலையசைத்தாள்.

அவள் என்ன சொன்னாள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கிழவியின் மகள் ஆங்கிலத்தில் சொல்ல, என் மகள் எனக்குச் சொன்னாள். அவர்கள் குபா என்ற இனத்தவர். அந்தப் பொடி ஒரு மரத்தின் நடு வயிரக் கட்டையை அரைத்து எடுப்பது. கூத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் எண்ணெயில் குழைத்து உடம்பில் பூசுவார்கள். பெட்டிக்கும் பூசித் தேய்ப்பார்கள், அதனால்தான் அந்த மினுக்கம். ஆள் செத்தாலும் அடக்கம் செய்ய முன்னர் உடலுக்கு அதைத்தான் பூசுவார்கள். வருடப்பிறப்புக்கு முதல்நாள் கிழவி என்னிடம் கேட்டது, ஊரில் உங்கள் ஆட்கள் யாரும் செத்துப்போனார்களா என்று. டிவியில் அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். நான் ஓம், ஓம் என்று தலையாட்டியிருக்கிறேன். அதைத்தான் அவள் மருமகனிடம் சொல்லியிருக்கிறாள்: முன்னமே உன் மாமியார் வந்து இறந்தவருக்காக என்று வாங்கிக்கொண்டு போனார்.

மருமகன் சத்தம் போடவில்லை. கிழவிக்கு நன்றி சொன்னார். பெட்டி அவர் கையிலேயே இருந்தது. துக்கவீட்டில் திருப்பிக் கேட்கக் கூடாது என்றோ என்னவோ அவள் கேட்கவில்லை. மூன்று மணிக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். ஷிப்ட் உள்ளவர்கள். அவர் வாசல்வரை போய் எல்லோரையும் கும்பிட்டு அனுப்பிவிட்டு, கதவைப் பூட்டித் திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டார். ஜன்னலால் நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது.

பொட்டுச் சிமிழை எடுத்து வரச் சொன்னார். மகள் கொண்டுவந்தாள். சிமிழையும் பெட்டியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் திறந்தார். என்னிடம் கேட்கவேண்டியதையும் அவர் மகளிடம்தான் கேட்பார்.

"இது எங்காலை வந்தது?"

"நீங்கள் கடையிலையிருந்து கொண்டந்ததுதானே" என்றாள் மகள். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

கன்னத்தில் அறைந்தார். "என்ரை கடையிலை பிணத்துக்குப் பூசுற பொடியோடி விக்கிறன்?"

மகள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். இரண்டாவது அறை. மூன்றாவது, தலைமயிரைப் பிடித்து மேசை விளிம்பில். புருவம் பிளந்தது. அவ்வளவுக்கும் நான் வாய் திறக்கவில்லை. இதை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கையெட்டும் தூரத்தில் செற்றிக் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலாவதுக்குக் கை ஓங்கியபோதுதான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"நான்தான் தம்பி. கீழ்வீட்டிலை வாங்கினனான். குங்குமமெண்டு நினைச்சன்."

அவர் மகளை விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"வருசம் பிறந்தண்டு என்ரை நெத்தியிலை பிணப்பொடி வைச்சனி. அண்ணை செத்துப் போட்டார். அடுத்தது நானோ? சொல்லு மாமி, அடுத்தது நானோ?"

பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். என் தாடையைப் பிடித்துத் திறந்து வாய்க்குள் அடைத்தார். மரத்தூள். தொண்டையில் ஒட்டிக்கொண்டது. மூச்சு வரவில்லை. மூக்கால் சிவப்பாக வந்தது. தின்னு, தின்னு என்று சொல்லிக்கொண்டே இன்னொரு பிடி அள்ளினார். கீழே தடி தட்டத் தொடங்கியது. அவர் குதிக்காலால் தரையை ஓங்கி உதைத்தார். தடி நிற்கவில்லை.

மகள் பின்னாலிருந்து அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்தாள். "அம்மாவை விடுங்கோ. என்னை அடியுங்கோ" என்றாள். அவர் திரும்பிய வேகத்தில் கையில் கிடைத்தது பெட்டி. அதன் சதுர மூலையால் தாடையில் அடித்தார். அவள் விழுந்தாள். பல்லொன்று கதிரைக்குக் கீழே போனதைக் கண்டேன். பெட்டி உருண்டு என் காலடியில் வந்து நின்றது. அது உடையவில்லை. அவர் அவளுக்கு மேலே ஏறி இருந்து, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தார்.

கீழே தடி தட்டிக்கொண்டிருந்தது. மேலே மகளின் குதிக்கால்கள் தரையில் அடித்துக்கொண்டிருந்தன. பிறகு குதிக்கால்கள் நின்றுவிட்டன. தடி மட்டும் கேட்டது.

நான் பெட்டியை எடுத்தேன். வாய்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சதுர அடியால் அவருடைய காதுக்குப் பின்னால் போட்டேன். கை வழுக்கியது, எல்லா இடமும் பொடி. அவர் ஒருக்களித்து விழுந்தார். விழுந்த பிறகும் ஒருமுறை போட்டேன். அந்த இரண்டாவது அடி தேவையில்லாதது. பொலிசிலும் அப்படியே சொன்னேன்.

கதவு பூட்டியிருந்தது. திறப்பு அவருடைய காற்சட்டைப் பைக்குள். ஒருநாளும் முகம் பார்த்துக் கதைக்காத மருமகனின் பைக்குள் கையை விட்டேன். சூடாக இருந்தது. சில்லறை, லைட்டர், பிறகு திறப்பு. திறந்தபோது கிழவியின் மகள் படியில் போனில் கத்திக்கொண்டு நின்றாள். அவள் கேர் ஹோமில் வேலை செய்கிறவள். என்னைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடி, என் பிள்ளையின் தலையைச் சரித்து, வாய்க்குள் விரல் விட்டு இரத்தத்தை வழித்து எடுத்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். கிழவி என்னை நிலத்தில் இருத்தி, தான் சுற்றியிருந்த துணியின் தலைப்பால் என் வாயைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சிவப்பு வந்தது. மகளின் நெஞ்சு ஏறி இறங்கியதைக் கண்ட பிறகுதான் எனக்கு வாந்தி வந்தது.

பொலிஸ் வந்தபோது மகளும் மருமகனும் நானும் ஒரே நிறத்தில் இருந்தோம். எது இரத்தம், எது பொடி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மகளையும் மருமகனையும் அம்புலன்ஸில் ஏற்றினார்கள். பெட்டியைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினார்கள். கிழவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் கையில் விலங்கு போட்டார்கள். என் மணிக்கட்டு மெல்லியது. கழன்றுவிடும் போல இருந்ததால் நானே பிடித்துக்கொண்டு போனேன்.

ஸ்டேஷனில் மொழிபெயர்க்க வந்த பெண் மலேசியாத் தமிழ்ப்பிள்ளை. இதமாகக் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தொடங்கினேன். அவள் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மேசைக்கு அங்கால் இருந்தவர் எழுதிக்கொண்டே போனார். இடையில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார்.

"அவர் விழுந்த பிறகு ஏன் இன்னொரு தடவை அடிச்சீங்கன்னு கேக்கறாங்க, அம்மா."

"கை நிக்கேல்லை" என்றேன்.

அதை எப்படி ஆங்கிலத்தில் சொன்னாளோ தெரியாது. மறுநாள் என்னை விட்டார்கள். மருமகன் சாகவில்லை. காதுக்குப் பின்னால் தையல், ஒரு பக்கம் கேட்காது என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் பொலிஸ் இருந்தது. மகளை வேறு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கிழவியின் மகள்தான் என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் விட்டாள்.

மகளின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கழுத்தில் பத்து விரலும் நீலமாகத் தெரிந்தன. சூப்பை ஸ்ட்ரோவால்தான் குடிக்க வேண்டும். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள் கொஞ்சம் குடித்தாள். பிறகு பல்லைத் திறக்காமலே கதைத்தாள். ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"உங்களுக்கு அடிக்கத் தெரியுமெண்டு எனக்குத் தெரியாது, அம்மா."

நான் கோப்பையை மறுபடி அவள் பக்கம் நீட்டினேன்.

"இவ்வளவு நாளும் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்."

சூப் ஆறுது பிள்ளை என்றேன். அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்துக் கோப்பையைக் கழுவ எழுந்தேன். எழுந்ததும் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அவரை வெளியிலை விட்டு, அவர் இஞ்சை வந்தால்?"

"நான் இருக்கிறன்."

"இருந்தால்? திருப்பியும் அடிப்பீங்களோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"தலையாட்டாதேங்கோ. வாயாலை சொல்லுங்கோ."

வார்டில் எட்டுக் கட்டில். எல்லாவற்றிலும் ஆட்கள். பார்வை நேரம், வந்தவர்கள் வேறு நிறைய. எனக்கு வாயெல்லாம் இன்னும் மரத்தூள் இருப்பதுபோலக் காய்ந்திருந்தது.

"ஓம்" என்றேன். "அடிப்பன்."

"கேக்கேல்லை."

"அடிப்பன்" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரி பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள். மகள் என் கையை விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை மூடினாள். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மற்றக் கையால் கதிரையை இழுத்து, கதவைப் பார்த்தபடி இருந்தேன்.